ஆம் என்றால் 1

மேடம் என்னை முதல் தடவை அடித்தது ஸ்டீல் ஸ்கேலால். எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். போர்ட் பிளேர் குட்வில் எஸ்டேட்டில் எங்கள் தெருவில் என்னை ‘சார்’ என்று கூப்பிடுகிறவர்கள் நாலைந்து பேராவது இருந்தார்கள். ஆஸ்பத்திரியின் பதிவு கவுண்டரில், வரிசை வாசல்வரை நீண்டிருந்த நேரத்தில், என் இடது மணிக்கட்டில் சுளீரென்று ஒன்று விழுந்தது. வரிசையில் முதலில் நின்ற பெங்காலிப் பெரியவர் நீட்டிய சீட்டை மெதுவாகத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

நான் செய்த குற்றம் இதுதான். போன் இல்லாத நோயாளி வந்தால், கம்ப்யூட்டரில் நம்பர் கேட்கிற இடத்தில் ஒன்பதைப் பத்துத் தடவை தட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவேன். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் மேலே போக விடாது. ஒன்பதாகப் போட்டால் பேசாமல் வழி விட்டுவிடும். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரும் அப்படித்தான் செய்தார்.

“இது யாரு நம்பரு?” என்றார் மேடம், ஸ்கேலின் முனையைத் திரையில் வைத்து.

“யாருதும் இல்ல மேடம். சும்மா போட்டது.”

“சும்மான்னு ஒரு ஆளு இருக்கானா? இத்தனை பேருக்கு ஒரே நம்பரு. கூப்பிட்டா எவன் எடுப்பான், ஒங்கப்பனா?”

“போன் இல்லாதவங்க மேடம்...”

“கூட வந்தவன்கிட்ட இருக்கும்ல? பக்கத்து வீட்டுல, கடையில இருக்கும்ல? ரிங் போற நம்பரு ஒண்ணு வாங்கு. இன்னொரு தடவை ஒம்பதைப் பார்த்தேன், இந்த ஸ்கேலு வளையுற வரைக்கும் அடிப்பேன். சம்ஜே?”

அவர் ‘சம்ஜே’ என்று கேட்டால் தலையாட்டினால் போதாது. ‘சமஜ் கயா’, புரிந்தது என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். சொன்னேன். அன்றிலிருந்து ரிங் போகிற நம்பர் வாங்கினேன். யாருடைய நம்பராக இருந்தாலும் வாங்கினேன். கூட வந்த மைத்துனன், மளிகைக் கடைக்காரர், பஞ்சாயத்துத் தலைவர், யார் கிடைத்தாலும் சரி. நடந்ததில் என் பங்கு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

மேடம் எங்கள் ஆஸ்பத்திரியின் சாஃப்ட்வேர் இன்ஜினியர். எங்களுடையது தனியார் ஆஸ்பத்திரி. போர்ட் பிளேரில் பெரிய கட்டடம், மாயாபந்தரிலும் ஹேவ்லாக்கிலும் இரண்டு அறை கிளினிக்குகள். அங்கே பார்க்க முடியாத நோயாளியை இங்கே அனுப்புவார்கள். ஆள் ரோட்டிலோ போட்டிலோ வந்துசேர்வதற்குள் அவருடைய ரிப்போர்ட் கம்ப்யூட்டர் வழியாக வந்திருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் மேடம் வந்தார். குள்ளமான, கட்டையான உடம்பு. நாற்பதைத் தாண்டிய வயது. சல்வாருக்கு மேல் ஆண்கள் சட்டை. காலில், முனையில் இரும்பு வைத்த சேஃப்டி ஷூ. பக்கத்தில் வந்தாலே தரை சொல்லிவிடும். வார்டு சிஸ்டர்கள் மாத்திரை எண்ணுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்காருவார்கள்.

பதினாறு வருஷம் டெலிகாம் கம்பெனியில் இருந்தவர். தீவுகளில் உள்ள டவர்கள் எல்லாம் ஒரு பெரிய திரையில் பச்சைப் புள்ளிகளாகத் தெரியும். ஏதாவது கோளாறு என்றால் சிவப்பாகும். அந்தத் திரைக்குப் பின்னால் ஓடுகிற புரோகிராமை எழுதியவர் மேடம். தீவில் ஆள் பற்றாக்குறை என்பதால் எழுதியவரே டவரிலும் ஏறுவார். அந்த ஷூ அப்போது வாங்கியது.

ஏன் வேலையை விட்டார் என்று ஒருநாள் கேட்டேன்.

“மெயின்லேண்டுலருந்து பெரிய ஆபீசர் வந்தான். அன்னைக்கின்னு பார்த்து நாலு டவரு செவப்பு. மேனேஜரு, ஒரு மணி நேரத்துக்கு அதைப் பச்சையாக்கிக் காட்டுன்னான். ஏலாதுன்னேன். நீ ஒக்காரு, நான் வேற ஆளை வச்சு மாத்திக்கிறேன்னான். ஹெல்மெட்டை எடுத்து எறிஞ்சேன்.”

“ஸ்கிரீன்லயா?”

“அவன் மேலதான். குனிஞ்சிட்டான். ஸ்கிரீன் போச்சு.”

அதற்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரி ரெக்கார்டுகளைப் பராமரிக்கிற படிப்பு ஒன்றை ஆன்லைனில் ஒரு வருஷம் படித்தாராம். டவரை விட்டுவிட்டு நோயாளிக்கு வந்தது ஏன் என்று கேட்டால் நாளுக்கு ஒரு காரணம் சொல்வார். டவர் கீழே விழுந்தாலும் தூக்கி நிறுத்தலாம், மனுஷனை ஏலாது என்பார் ஒருநாள். டாக்டருங்க கையெழுத்து புரியல, அதான் டைப் அடிக்க வைக்கலாம்னு வந்தேன் என்பார் இன்னொரு நாள். அவருக்குப் பதில் கேட்கத்தான் பிடிக்கும், சொல்லப் பிடிக்காது.

கை முந்திவிடும். அதுதான் மேடம். பில்லிங் செக்‌ஷனில் ஒருவர் முதுகில் ஃபைலால் வாங்கியிருக்கிறார். லேபில் ஒருவர் காதைத் திருகியிருக்கிறார். பிரின்டர் ஒன்று காகிதத்தை மென்று துப்பியதற்காக இரண்டாம் மாடி ஜன்னல் வழியாகக் கீழே போனது. டாக்டர்கள் மேல் கை வைத்ததில்லை. அவர்களுடைய மேஜையை அடிப்பார், பேனாக்கள் எழும்பி விழும். கேட்டதற்குப் பதில் வராவிட்டால் அவருக்குப் பொறுக்காது, அவ்வளவுதான். மன்னிப்பு என்ற வார்த்தையை அந்த நாட்களில் அவர் வாயில் நான் கேட்டதில்லை. ஆனால் மறுநாள் காலையில் அடி வாங்கியவர் மேஜையில் ஒரு டிபன் பாக்ஸ் இருக்கும். உள்ளே தேங்காய் ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும். அந்த ரொட்டிக்காகவே இன்னொரு அடி வாங்கலாம் என்று லேபில் உள்ளவர் சொல்வார். நாங்களும் சிரிப்போம். அடித்த கையே சோறும் போட்டால் அது பாசம் என்றுதான் நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

அவர்மேல் எனக்கு உண்மையிலேயே பாசம் வந்தது இன்னொரு நாளில். மாயாபந்தர் பக்கம் பைக்கில் லாரியோடு மோதிய ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். கிளினிக்கில் எடுத்த ரிப்போர்ட்டும் இரத்த வகையும் அவனுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். அன்று நெட் லைன் அறுந்து கிடந்தது. இங்கே எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று. பையன் போய்விட்டான். சொந்தக்காரர்கள் முப்பது பேர் இருப்பார்கள், நேரே என் கவுண்டருக்கு வந்தார்கள். கண்ணாடி உடைந்தது. ஒருவன் என் சட்டைக் காலரைப் பிடித்து, உடைந்த கண்ணாடி வழியாகவே என்னை வெளியே இழுத்தான். தோளிலிருந்து முழங்கை வரை கிழிந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. மானிட்டர் ஒன்று யார் தலைக்கோ பறந்தது. குளுக்கோஸ் ஸ்டாண்டைப் பிடுங்கிக்கொண்டு ஒருவன் டாக்டரைத் தேடினான். நான் செத்தேன் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் அந்த ஷூ சத்தம் கேட்டது. மேடம் கூட்டத்துக்குள் தோளால் இடித்துக்கொண்டு வந்து, எனக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றார்.

“முஜே மாரோ” என்றார். “லைன் மேரா ஹை.” என்னை அடி, லைன் என்னுடையது.

செத்தவனின் அண்ணன் அந்த ஸ்டாண்டாலேயே அடித்தான். புருவம் பிளந்து, இரத்தம் கண்ணுக்குள் இறங்கி, சட்டைக் காலர் நனைந்தது. மேடம் கையைத் தூக்கவில்லை. அவனுடைய மணிக்கட்டைப் பிடித்து, உடையாமல் மிச்சமிருந்த ஒரு திரைக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனார். ரிப்போர்ட் அங்கிருந்து கிளம்பிய நேரத்தையும் இங்கே வந்துசேர்ந்த நேரத்தையும் காட்டினார். நடுவில் பத்து மணி நேரம். இது என் தப்பு, உன் தம்பி வந்தபோது என்னிடம் ஒன்றும் இல்லை என்று ஹிந்தியில் சொன்னார். அவன் அந்த எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு தரையில், கண்ணாடித் தூளின் மேலேயே உட்கார்ந்து அழுதான். தன் தப்பை இப்படி முகத்துக்கு நேரே ஒப்புக்கொண்ட ஆளை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

ஏழு தையல் போட்டார்கள். தையலோடு போய் லைன் பெட்டியை ஷூவால் மிதித்து நொறுக்கிவிட்டு, அடுத்த மூன்று வாரம் அவர் வீட்டுக்குச் சரியாகப் போகவில்லை. நெட் செத்தாலும் எஸ்.எம்.எஸ். போகும் என்பது அவருடைய டெலிகாம் மூளை. இரத்த வகை, முக்கியமான நாலைந்து விவரங்கள், எல்லாவற்றையும் சுருக்கி எஸ்.எம்.எஸ்ஸாக அனுப்புகிற ஒரு ஏற்பாட்டைச் செய்தார். கிடைத்தது என்று இந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் பதில் அனுப்ப வேண்டும். அனுப்பும்வரை அந்தப் பக்கம் விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஹேவ்லாக்கிலிருந்து வந்த ஒரு பிள்ளைத்தாய்ச்சி போட்டைவிட்டு இறங்கும்போதே அவருக்கான இரத்தம் இங்கே தயாராக இருந்தது. அந்தத் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். எஸ்.எம்.எஸ். மேல் மேடத்துக்கு நம்பிக்கை வந்தது அப்படித்தான்.

பவானி முதல் தடவை எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தது அதற்குக் கொஞ்ச நாள் கழித்து. இருபத்தெட்டு வயது இருக்கலாம். முன்கை எலும்பு முறிந்திருந்தது. கூட வந்த புருஷன் பில்டிங் காண்ட்ராக்டர், விருதுநகர்ப் பக்கத்து ஆள். நெற்றியில் விபூதி, இஸ்திரி கலையாத சட்டை. “பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா தம்பி” என்று சொல்லி, தன் நம்பரை இரண்டிரண்டு இலக்கமாக நிறுத்திச் சொன்னான். நான் அடித்துக்கொண்டேன். எங்களுக்கெல்லாம் டீ வாங்கிவரப் போனான். அவன் வெளியே போன பிறகு பவானி கவுண்டருக்குக் கிட்டே குனிந்தார்.

“அண்ணே, அது அவரு நம்பரு. எனக்குப் போன் கிடையாது.”

“பரவாயில்லம்மா. ரிங் போனா சரி” என்றேன் நான்.

அவர் இன்னும் ஏதோ சொல்ல நின்றார். பின்னால் வரிசை நெருக்கியது. நகர்ந்து போய், மேடத்தின் அறை வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். காண்ட்ராக்டர் வாங்கிவந்த டீயை நான் குடித்தேன்.

இரண்டாம் தடவை காதுக்குப் பின்னால் மண்டை உடைந்திருந்தது. மூன்றாம் தடவை விலா. ஒவ்வொரு தடவையும் வழுக்கி விழுந்ததுதான். காயத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் டாக்டர் ‘விழுந்தது’ என்று போட்டுவிடுவார். அதற்குக் கீழே ‘யாரால்’ என்று இன்னொரு கட்டம் உண்டு. மேடம் வைத்தது. அது எப்போதும் காலி.

மூன்றாம் தடவைக்கு மறுநாள் மேடம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். திரையில் ஒரு பட்டியல் இருந்தது. பதினொரு பெண்கள். எல்லோரும் இரண்டு தடவைக்கு மேல் ‘விழுந்தவர்கள்’.

“ஒரே டவரு திரும்பத் திரும்ப விழுந்தா, அது மழை இல்லய்யா. எவனோ ஒயரை அறுக்குறான்” என்றார். பிறகு நான் கேட்காமலே சொன்னார். அவர் பிறந்து வளர்ந்தது கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில். இலங்கை மலைநாட்டிலிருந்து கூட்டிவந்து குடியமர்த்திய குடும்பம். “எங்கம்மா ரப்பர் மரத்துல மோதிக்கிட்டே இருப்பா. தோட்டத்து டிஸ்பென்சரி நோட்டுல அப்புடித்தான் எழுதுவாங்க, மரத்துல மோதுனதுன்னு. சனிக்கிழமை சாராயக்கடை தொறந்தா மரம் நடந்து வீட்டுக்கு வரும். எனக்குப் பதினாறு வயசுல, ரப்பர் பால் வாளியால எங்கப்பன் மொகத்துல அடிச்சேன். மூணு பல்லு. அதுக்கப்புறம் ஒரு மரமும் நடக்கல.”

அவர் ஏன் நோயாளிகள் பக்கம் வந்தார் என்பது எனக்கு அன்றைக்குப் புரிந்தது. அடித்தால் சரியாகிவிடும் என்று அவர் ஏன் நம்புகிறார் என்பதும் புரிந்தது.

அந்தப் பதினொரு பேருக்கும் ஒரு செய்தி அனுப்பப்போவதாகச் சொன்னார். தமிழிலும் ஹிந்தியிலும் பெங்காலியிலும் தயார் செய்திருந்தார். தமிழில் இருந்த தப்புகளை என்னைத் திருத்தச் சொன்னார், திருத்திக் கொடுத்தேன். ‘உங்கள் காயம் பற்றித் தனியாகப் பேச விரும்புகிறீர்களா? ஆம் என்றால் 1 என்று பதில் அனுப்பவும்.’

“எல்லாம் ரிங் போற நம்பருதானே?” என்று கேட்டார். கையில் அந்த ஸ்கேல் இருந்தது. முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார், வேறொன்றும் இல்லை.

“போகும் மேடம்” என்றேன்.

பதினொன்றில் ஒன்பது எந்தெந்தப் புருஷனுடையது, மாமனாருடையது என்று எனக்குத் தெரியும். கேட்டு வாங்கியவனே நான்தானே. டெலிகாமில் ஒரு நம்பர் என்றால் ஒரு ஆள். கூப்பிட்டால் அந்த ஆள் எடுப்பார். எங்கள் கவுண்டருக்கு வருகிற வீடுகளில் நம்பர் என்பது வீட்டை ஆள்கிறவனுடைய சட்டைப் பையில் இருப்பது. இது மேடத்துக்குத் தெரியவில்லை. தெரிந்தவன் பக்கத்தில் நின்று எழுத்துப் பிழை திருத்திக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு பதில் வந்தது. மற்ற பத்தும் மௌனம். பவானியின் பெயருக்கு நேரே ‘1’ என்று இருந்தது. மேடம் எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். அவர் பற்கள் தெரியச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

“வந்திருச்சு பாரு. அந்தப் புள்ளைக்குத் தைரியம் இருக்கு.”

நிற்காமல் பதிலை அடித்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ‘நாளை காலை 11 மணி. அறை 14. தனியாக வரவும். கணவரிடம் சொல்ல வேண்டாம்.’

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். இத்தனை மாதமாக இந்த நம்பர்களை யார் யாரிடம் வாங்கினாய் என்று அவர் திருப்பிக் கேட்பார். ஸ்கேல் மேஜையில் இருந்தது. வெளியே என்னைச் சார் என்று கூப்பிடுகிற இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் பட்டனைத் தட்டிவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த நாலைந்து நொடியை நான் இன்றுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு மேடமும் ஒரு லேடி டாக்டரும் பதினாலாம் அறையில் காத்திருந்தார்கள். புது பெட்ஷீட் போட்டு, பிஸ்கட் வாங்கி வைத்திருந்தார் மேடம். பன்னிரண்டு ஆனது. யாரும் வரவில்லை. பஸ் லேட்டாக இருக்கும் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

ஒன்றரை மணிக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. காண்ட்ராக்டர் பவானியை இரண்டு கைகளிலும் தூக்கிக்கொண்டு இறங்கினான். நான் முதலில் பார்த்தது தலையைத்தான். ஒரு பக்கம் முடி கொத்தாகப் பிடுங்கப்பட்டு, தோல் வெள்ளையாகத் தெரிந்தது. இடது காதிலிருந்து கழுத்து வழியாக இரத்தம் இறங்கி ரவிக்கையில் காய்ந்திருந்தது. கீழ் உதடு இரண்டாகப் பிளந்திருந்தது. காறை எலும்பு தோலுக்குள்ளிருந்து முட்டிக்கொண்டு நின்றது. வலது கையின் சுட்டுவிரல், நம்பர் அழுத்துகிற விரல், பின்பக்கமாக மடிந்து கிடந்தது. உயிர் இருந்தது. ஸ்ட்ரெச்சர் அவரைக் கேஷுவல்டிக்குள் இழுத்துக்கொண்டு போனது.

காண்ட்ராக்டர் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு கவுண்டருக்கு வந்தான்.

“வழுக்கி விழுந்துட்டா தம்பி. நம்பர் அதேதான்.”

மேடம் அப்போது என் பின்னால் வந்து நின்றிருந்தார். அவன் அவரைப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் கவுண்டர் பலகையில் வைத்தான்.

“நீங்கதானா மேடம்? ஒண்ணு அனுப்பினது நான்தான். இனிமே எது அனுப்பினாலும் இதுக்கே அனுப்புங்க. வீட்டுக்கு வேற போன் கிடையாது.”

மரியாதையாகத்தான் சொன்னான். குரல் கூட உயரவில்லை.

மேடம் கேஷுவல்டிக்குள் போனார். பவானியிடம் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் ஆக்சிஜன் சிலிண்டர் திறக்கிற ஸ்பேனர் இருந்தது. முதல் அடி போன்மேல் இருந்த அவன் கைமேல் விழுந்தது. போனும் விரல்களும் ஒன்றாக உடைந்தன. சத்தத்தில் எது எது என்று தெரியவில்லை. இரண்டாவது தோளில். அவன் கத்திக்கொண்டு பெஞ்சின்மேல் சாய்ந்தான். மூன்றாவது முழங்காலில். கீழே விழுந்தவனின் விலாவில் இரும்பு முனை ஷூ இறங்கியது. ஒன்று, இரண்டு, எத்தனை என்று நான் எண்ணவில்லை. மேடத்தின் மூச்சு மரம் அறுக்கிறவருடையதைப் போல வந்துகொண்டிருந்தது. வரிசையில் நின்றவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். பெங்காலியில் அண்ணன் என்ற அர்த்தத்தில் நாங்கள் தாதா என்று கூப்பிடுகிற செக்யூரிட்டி பின்னாலிருந்து அவரை இடுப்போடு கட்டித் தூக்கினார். தூக்கிய பிறகும் கால் உதைத்துக்கொண்டிருந்தது. எனக்கு அதைப் பார்க்க நன்றாக இருந்தது. இன்னும் இரண்டு உதை விழுந்திருக்கக் கூடாதா என்றுகூட இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

அவனைப் பதிவு செய்ய வேண்டியவன் நான். தாதா என் காதருகே குனிந்து, “கிர் கயா, லிக் தோ” என்றார். விழுந்துவிட்டான் என்று எழுதிவிடு. பக்கத்தில் நின்று கேட்டவர்கள் எல்லோரும் அதுதான் சரி என்பதுபோலத் தலையாட்டினார்கள். அங்கே நின்ற ஒருவர்கூட வேறு மாதிரிச் சாட்சி சொல்லியிருக்க மாட்டார்.

“அடிச்சதுன்னு போடு” என்றார் மேடம். ஸ்பேனரைக் கவுண்டரில் வைத்தார். “கீழ ‘யாரால்’னு ஒரு கட்டம் இருக்குல்ல. என் பேரைப் போடு. முழுப் பேரு.”

“மேடம், போலீஸ் கேஸ் ஆயிரும்.”

“ஆகட்டும். போடு.”

போட்டேன். அந்தக் கட்டத்தில் முதன்முதலாக விழுந்த பெயர் அவருடையது. அரை மணி நேரம் கழித்து லேடி டாக்டர், பவானியின் தாளில் தானே ‘அடி’ என்று எழுதி, ‘யாரால்’ என்ற இடத்தில் புருஷன் பெயரை எழுதினார். மேடத்தின் பெயர் அந்தக் கட்டத்தில் விழும்வரை அந்தப் பெயரை எழுத அங்கே யாருக்கும் கை வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை ஊருக்கே தெரிந்தவை. மேடத்தைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது, மூன்றாம் நாள் ஜாமீனில் வந்தார். ஆஸ்பத்திரி அவரை வேலையிலிருந்து எடுத்தது. காண்ட்ராக்டர்மேலும் கேஸ் ஆனது, அவனுடைய கை கோணலாகத்தான் கூடியது. பவானியின் அண்ணன் கப்பலில் வந்து அவரை மெயின்லேண்டுக்குக் கூட்டிப்போனார். இடது காதுக்குக் கேட்கும் சக்தி திரும்ப வரவில்லை. மேடம் இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. கச்சாலுக்கே போய்விட்டதாக ஒருவர் சொன்னார், ஹைதராபாத்தில் ஏதோ கம்பெனி என்று இன்னொருவர் சொன்னார். போர்ட் பிளேரில் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் காண்ட்ராக்டரின் கையை உடைத்த கதையைத்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டு, அப்படி ஒரு பொம்பளை வேண்டும் என்பார்கள். நானும் ஆமாம் என்பேன்.

நான் சொல்ல வந்தது அவர் ஜாமீனில் வந்த அன்று மத்தியானம் நடந்தது. பெண்கள் வார்டில், பவானியின் கட்டிலுக்குப் பக்கத்தில், அவருடைய அட்மிஷன் தாளில் இடது கைப் பெருவிரல் ரேகை வாங்க நான் நின்றிருந்தேன். மேடம் வந்து கட்டிலின் கால்பக்கம் நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“மன்னிச்சிரும்மா” என்றார். “அந்தப் பதிலை நீதான் அனுப்பினேன்னு நெனச்சேன்.”

பவானி உதட்டுத் தையல் இழுக்காமல் மெதுவாகப் பேசினார். குரலில் கோபம் இல்லை.

“எனக்குப் போனே கிடையாதுங்களே. மூணு தடவை வந்தப்பவும் உங்க ரூம் வாசல் பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன். வெளிய வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

மேடம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“நம்பரு உன்னுதுன்னு...”

“இல்லீங்க. அது அவரு நம்பருன்னு மொத நாளே இந்த அண்ணன்கிட்ட சொன்னேன்.”

மேடம் என் பக்கம் திரும்பினார். வலது கை கம்பியை விட்டுவிட்டது.

“ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும் மேடம்.”

“அப்ப ஏன்யா சொல்லல?”

வார்டில் வேறு எட்டுப் பெண்கள் இருந்தார்கள். எல்லோரும் எங்களைத்தான் பார்த்தார்கள். ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது உண்மைதான்.

“அடிப்பீங்கன்னுதான் மேடம்.”

பவானி என்னைப் பார்த்தார். பிறகு மேடத்தைப் பார்த்தார், உயர்ந்து நடுவில் நின்றுவிட்ட அந்தக் கையைப் பார்த்தார். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். விலா வலிக்க, பல்லைக் கடித்துக்கொண்டு, முழங்கால்களை மெல்ல மடக்கிக் கட்டில் ஓரத்தில் ஓர் ஆள் இடம் ஒதுக்கினார்.

“உக்காருங்கண்ணே” என்றார் என்னிடம்.

நான் உட்கார்ந்தேன். மேடம் நின்றுகொண்டிருந்தார்.